பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் வரலாறும் அதனை விலைமதித்த வகையும்

இப்பத்திரிகையில் இதுகாறும் யாம் எழுதி வந்தவை கல்வெட்டு, செப்பேடு, ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பற்றியனவே. இம்மாதம் துப்பாக்கியொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர்களுக்கு வியப்பை விளைத்தல் கூடும். தமிழாசிரியனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன இயைபு என்று நகைப்பாரும் உளராவர். உண்மையில் யாம் எம் வாணாளில் ஒரு துப்பாக்கியையும் கையால் தொட்டதில்லை. தீபாவளிக்குச் சிறுவர் வெடிக்கும் பொட்டுத் துப்பாக்கியை நீக்கிச் சொல்லுகின்றோம். எனினும் பழம்பொருள் எதுவாயினும் அதனை ஆராயும் முறை ஒன்றே யென்பது எம் கொள்கை. அக்கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எம் தமக்கையார் மகனால் எமக்குக் கிடைத்தது.

எம் மருகன் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தில் தொழில் செய்கின்றான். ஆண்டே நிலைக்குடி உரிமைச் சீட்டும் பெற்றுள்ளான். அவனுடைய அண்டை வீட்டில் முதியவர் ஒருவர் காலமாகிவிட, அவர் மனைவியார் வீட்டை ஒழித்துவிட்டு மகள் இல்லம் சென்று தங்கக் கருதினார். அவ்வீட்டுச் சுவரில் நெடுங்காலம் தொங்கிய வேட்டைத் துப்பாக்கி விலைக்கு வந்தது. மூதாட்டியாரின் உடன்பிறந்தார் மகன் ஒருவன் அதற்கு மூன்று பெருமைகள் கூறினான். ஒன்று, குழலின்மேல் 1900 என்று பொறித்திருத்தலின் அஃது அவ்வாண்டிற் செய்யப்பெற்ற தொல்பொருள். மற்றொன்று, 1934-இல் பெருங்காரியம் ஒன்றைச் செய்த துப்பாக்கி இஃதென்று குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருவதால், அவ்வாண்டு பானி பார்க்கர், கிளைடு பேரோ என்னும் கொள்ளையரை வீழ்த்திய துப்பாக்கிகளுள் இதுவும் ஒன்றாகலாம். பின்னும் ஒன்று, மான் வேட்டைக்கு இதனினும் ஏற்றது பிறிதில்லை. இவற்றைக் கணக்கிட்டு அவன் சொன்ன விலை, புதிய துப்பாக்கிகள் இரண்டினை வாங்கப் போதுமாம்.

எம் மருகனுக்கோ ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்லும் தோழர்களோடு தானும் செல்ல வேண்டுமென்னும் ஆசை. “மாமா, தாங்கள் பழைய ஏடுகளைப் பார்த்துக் காலம் சொல்லுகிறவர்களாயிற்றே, இதற்கும் ஒரு காலம் சொல்லுங்கள்” என்று எழுதினான். விளையாட்டாக எழுதினனோ, உண்மையாகவே எழுதினனோ, அறியோம். யாம் உண்மையாகவே எடுத்துக்கொண்டோம். துப்பாக்கியில் எழுத்தென்று எவ்விடத்து எது காணப்படினும், அது புள்ளியேயாயினும், படம் எடுத்து அனுப்புமாறு சொல்லிவிட்டு, ஓய்வு நேரங்களில் அத்துப்பாக்கியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

இதன் பெயர் ரெமிங்டன் எட்டாம் மாதிரி. ஒருமுறை சுட்டவுடன், சுட்டவன் கையால் யாதும் செய்யாமலே, வெற்றுத் தோட்டாவை வெளியெறிந்து புதுத் தோட்டாவைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்வது இதன் இயல்பு. ஆயின் ஒவ்வொரு வெடிக்கும் விசையைத் தனித்தனியே இழுத்தாக வேண்டும். விசையை அழுத்தியிருக்கும் அளவும் ஓயாது சுடும் இயந்திரத் துப்பாக்கி வேறு, இது வேறு. இவ்வேற்றுமையை அறியாதாரே பலர்.

இத்தகைய துப்பாக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வேட்டைக்காரர் கைக்கு வாராமைக்குக் காரணம் அக்காலத்து வெடிமருந்தே. கரிமருந்து வெடிக்குந்தோறும் புகையையும் கரியையும் கக்கி உறுப்புக்களின் இடுக்கெல்லாம் படியும். நுண்ணிய பொறிகள் பத்து வெடிக்குள் சிக்கி நின்றுவிடும். 1884-இல் பிரெஞ்சு நாட்டுப் பால் வியேல் என்பார் புகையில்லா மருந்தை ஆக்கினார். அதன்பின்னரே வெடியின் வலியைக்கொண்டே துப்பாக்கியை நிரப்பும் முயற்சி எளிதாயிற்று.

அம்முயற்சியில் தலைசிறந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவில் யூட்டா நாட்டு ஆக்டன் நகரில் 1855-இல் துப்பாக்கிக் கம்மியர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். 1926-இல் பெல்ஜியத்து லியேஜ் நகரில், தொழிற்சாலையில் இருந்த நிலையிலேயே உயிர் நீத்தவர். இவர் பெற்ற பேடண்டு உரிமைகள் நூற்றிருபத்தெட்டு. இவர் வாழ்க்கையில் ஒரு பகுதியை ஈண்டு விரித்துரைத்தல் வேண்டும். எம் மருகன் கேட்ட வினாவின் விடை அதில் அடங்கியுள்ளது.

1883 முதல் பிரௌனிங் தாம் புதிதாய்ப் படைத்த துப்பாக்கிகளை வின்செஸ்டர் நிறுவனத்தாருக்கே விற்று வந்தார். ஒவ்வொன்றையும் ஒரே தொகைக்கு முற்றாக விற்றுவிடுவது வழக்கம். அவற்றுட் சில அவர்கள் ஆக்கவேயில்லை. பிறர் கையிற் சிக்காதிருத்தற்பொருட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். தானே நிரப்பிக்கொள்ளும் சிதறுரவைத் துப்பாக்கியை அவர் படைத்தபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் தமக்கொரு பங்கு வேண்டுமென்றார். வின்செஸ்டர் தலைவர் பென்னெட் மறுத்தார். பத்தொன்பது ஆண்டு நட்பு ஒரு பேச்சில் முறிந்தது. பிரௌனிங் ரெமிங்டன் தலைவரான மார்செலஸ் ஹார்ட்லியைக் காணச் சென்றார். 1902 ஜனவரி 8-ஆம் நாள் அவர் வெளியே காத்திருக்கையிலேயே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்தார் என்ற செய்தி வந்தது. அங்கிருந்து அவர் கப்பலேறிப் பெல்ஜியத்து ஹெர்ஸ்டால் ஊரிலுள்ள தொழிற்சாலையாரை அடைந்தார். அவர்கள் இருகையேந்தி வரவேற்றனர். பின்னரே ரெமிங்டன் நிறுவனத்தார் அமெரிக்காவிற்கு மட்டும் உரிமை பெற்று, 1905-இல் சிதறுரவைத் துப்பாக்கியையும், 1906-இல் நாம் ஆராயும் இத்துப்பாக்கியையும் விற்கத் தொடங்கினர்.

வின்செஸ்டர் நிறுவனத்தார் பட்ட பாடு தனிக்கதை. பிரௌனிங் நண்பராயிருந்த காலத்தில் அவருடைய உரிமைப் பத்திரங்களை எவரும் உட்புக இடமின்றி வேலியடைத்து எழுத உதவியவர்கள் அவர்களே. இப்பொழுது அவ்வேலிக்கு வெளியே நின்றவர்களும் அவர்களே! அவர்தம் வினைஞர் ஜான்சன் என்பார் அவ்வேலியைச் சுற்றிச் செல்ல வேறு வழி தேடினார். தாழைப் பூட்டாமல், அதனோடு கனத்த இரும்பொன்றைப் பிணைத்து, அதன் எடையாலேயே வெடியைத் தாங்கச் செய்து 1905, 1907, 1910 மாதிரிகளை ஆக்கினார். அவையும் நல்ல துப்பாக்கிகளே. பழம்பொருள் வாங்குவோர் அவற்றையும் காண்பர். ஆயின் அவற்றுக்கேயுரிய தோட்டாக்கள் இப்பொழுது வழக்கொழிந்தன.

இனி, குழலின்மேல் உள்ள 1900 என்னும் எண்ணுக்கு வருவோம். இத்துப்பாக்கிக்குப் பிரௌனிங் உரிமை பெற்ற நாள் 1900 அக்டோபர் 16. பேடண்டு நாளைக் குழலின்மேல் பொறிப்பது அக்காலத்து வழக்கம். முப்பதாண்டு கழித்துச் செய்த குழலிலும் அந்நாளே நிற்கும். நூலாசிரியன் காலத்தை ஏடெழுதியவன் காலமாகக் கொள்வார் செய்யும் பிழையும் இதுவும் ஒன்றே. முதற்றுப்பாக்கி கடைக்கு வந்ததே 1906-இல் ஆதலின், 1900-இற் செய்த எட்டாம் மாதிரி விலைக்கு வருதல் யாங்ஙனம்? அன்றியும், 1911 வரை இதற்கு எட்டாம் மாதிரி என்னும் பெயரே இல்லை.

விற்பவன் சொற்படி 1900 என்றே கொண்டாலும் அவனுக்கு ஊதியம் இல்லை. அந்நாட்டுக் கூட்டரசின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்று கருதப்படுவன 1898-இலோ அதற்கு முன்னோ செய்யப்பெற்ற துப்பாக்கிகளே. ஐம்பதாண்டு கடந்தவற்றைச் சேகரிப்போர் பொருள் என்று வேறொரு வகையில் வைப்பர். ஆகவே எட்டாம் மாதிரி எதுவும் சட்டத்தின் கண்ணில் தொல்பொருள் ஆகாது. இச்சொல்லைக் கேட்டுச் சட்டக் கட்டுப்பாடு ஏதுமின்றி வாங்கலாமென்று எண்ணுவோர் இடர்ப்படுவர். ஈண்டு நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு ஒரு செய்தி: தொழில் நிமித்தம் குறித்த கால அனுமதியில் அந்நாட்டில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. முறைப்படி பெற்ற வேட்டை உரிமச் சீட்டு உடையார் போன்ற சிலர்க்கே விலக்கு உண்டு. எம் மருகன் நிலைக்குடி உரிமை பெற்றவனாதலின் இத்தடை அவனுக்கு இல்லை. நண்பன் துப்பாக்கிதானே யென்று கையிலேந்திப் படம் பிடித்துக்கொள்ளும் ஏனையோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

படங்கள் வந்தன. குழலின் பின்பாகத்தில் இரண்டு சிற்றெழுத்துக்கள் இருந்தன; மருகன் அவற்றைக் கீறலென்றே எண்ணினனாம். ரெமிங்டன் தொழிற்சாலையார் 1921 முதல் மாதத்தையும் ஆண்டையும் எழுத்தாற் குறித்தனர். மாதக் குறி அமைத்த வகை இன்சுவையுடையது. கரிமருந்து என்னும் பொருளுடைய ‘பிளாக் பௌடர்’ என்ற ஆங்கிலத் தொடரில் பதினோர் எழுத்துக்கள் உள. ஓரெழுத்தும் இருமுறை வாராது. அவற்றை முறையே ஜனவரி முதல் நவம்பர் வரை வைத்து, டிசம்பருக்கு ‘எக்ஸ்’ என்பதைச் சேர்த்துக்கொண்டனர். எம் மருகன் அனுப்பிய படத்தில் இருந்தவை ‘கே’, ‘டபிள்யு’ என்பன. ஐந்தாம் எழுத்தாகிய ‘கே’ மே மாதம், ‘டபிள்யு’ 1928. ஏட்டின் இறுதியில் எழுதினோன் தன் பெயரும் நாளும் இட்டிருத்தலைக் கண்டாற்போல எமக்கு உவகை பிறந்தது. ஆயினும் இது குழலின் நாளேயன்றித் துப்பாக்கியின் நாளென்று துணிதல் ஆகாது. குழலை மாற்றுதல் உண்டு. உடற்பகுதியில் வெட்டிய தொடரெண்ணும் அக்காலத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். மருகன் தன் ஊரிலுள்ள பழந்துப்பாக்கி வணிகர் ஒருவரைக் கேட்டு, இரண்டும் ஒத்தனவென்று எழுதினான்.

இத்துப்பாக்கி இயங்கும் முறையை அறியாமல் இதன் குறைகளை அறிதல் இயலாது. வெளியே தோன்றும் பருத்த குழல் உண்மையிற் குழல் அன்று, அஃது உறை. மெய்யான குழல் அவ்வுறைக்குள் முன்னும் பின்னும் ஓடுகின்றது. வெடித்தவுடன் குழலும், அதனைப் பின்னிருந்து அடைத்துப் பூட்டிய போல்ட் என்னும் தாழும் ஒருங்கே பின்னோக்கி ஓடும். தோட்டாவின் நீளத்தினும் மிகுந்த தொலைவு ஓடி நின்றபின், தாழ் திருகிப் பூட்டு நீங்கிப் பின்னே பிடிபட்டு நிற்க, குழல் மட்டும் தன் சுருள்வில்லால் முன்னே செல்லும். அந்நிலையில் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். பின்னர்த் தாழும் விடுபட்டு, அடியிலுள்ள ஐந்து தோட்டாக்களுள் மேலுள்ளதைத் தள்ளிக்கொண்டு முன்சென்று பூட்டும். இவையனைத்தும் கண்ணிமைக்கும் போதிற்குள் நிகழும். சுட்டவன் தோளில் ஓருதைக்கு ஈருதை விழுந்தாற் போலிருக்குமென்பர். வலப்பக்கத்தே நீண்டு கிடக்கும் பாதுகாப்பு நெம்பி, பிற்காலத்து ருஷியக் காலாஷ்னிகாவ் துப்பாக்கியின் நெம்பியை முழுதும் ஒத்தது. ஆண்டிருந்தே அது எடுக்கப்பட்டதென்று கருதுவார் பலர்.

ஆகவே வாங்குவோன் நோக்க வேண்டியவை பிற துப்பாக்கிகளில் நோக்குவனவற்றின் வேறாயின. முதற்கண், அறையிலும் பெட்டியிலும் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல் வேண்டும். எத்துணைக் காலம் சுவரில் தொங்கியதாயினும் அதனை வெறுந்துப்பாக்கி யென்று நம்பலாகாது. உறையில் நசுக்கம் உண்டாவென்று பார்த்தல் வேண்டும். உறை நசுங்கின் உள்ளோடும் குழல் உராயும். குறி பார்க்கும் முனைகள் உறையின்மேல் இருப்பன. குழலோ உள்ளே ஓடுவது. ஆதலின் உறையின் வாயில் குழலைத் தாங்கும் வளையம் தேய்ந்ததாயின், கண் ஓரிடம் நோக்கக் குண்டு வேறிடம் செல்லும். சுருள்வில் தளர்ந்திருப்பின் உடற்பகுதியே நாளடைவில் அடிபட்டுக் கெடும். முன்கட்டை மெல்லியதாதலின், பிளவு இல்லாத பழந்துப்பாக்கி கிடைத்தல் அரிது. பிடிப்பக்கத்தே கட்டை இரும்போடு சேருமிடத்தும் மயிரிழைப் பிளவு இருக்கும்.

குழலின் உட்புறம் பற்றி ஒரு சொல். அக்காலத்துத் தோட்டாவின் தலைப்பொட்டில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு சேர்ந்திருந்தது. வெடித்தபின் எஞ்சுவது ஏறக்குறைய நம் கறியுப்பின் இனமே. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்னும். நம் கடற்கரையூர்களில் சன்னற் கம்பிகள் படும் பாட்டை யாவரும் அறிவோம். சுட்ட அன்றே வெந்நீர்விட்டுக் கழுவினாரன்றி எண்ணெய் மட்டும் பூசினார் குழல்கள் குழி விழுந்து போயின. 1920-களின் பிற்பகுதியில் ரெமிங்டன் நிறுவனத்தாரே துருவுண்டாக்காத தலைப்பொட்டை வெளியிட்டனர். எனவே 1928-இற் செய்த துப்பாக்கி, உரியவர் புதுத் தோட்டாவையே வாங்கியிருப்பின் பிழைத்திருக்கும். எம் மருகன் விளக்கொளியிட்டு நோக்கியதில் புரிகள் கூர்மை குன்றாமல் விளங்கின. அறையின் அருகே மட்டும் சிறு குழிகள் சில.

இத்துப்பாக்கி நான்கு வகைத் தோட்டாக்களுள் ஒன்றற்கு ஏற்பச் செய்யப்பெற்றது. அவற்றின் பெயர் குழலின் அளவால் 25, 30, 32, 35 என்பன. அங்குலத்தின் நூற்றிலொரு பங்கிற் கணக்கு. இவற்றுள் முதல் மூன்றும் பெருநிறுவனத்தாரின் வழக்கமான விற்பனையிலிருந்து நீங்கிவிட்டன. 35 மட்டும் மார்லின் என்னும் வேறொரு துப்பாக்கியின் துணையால் இன்றளவும் உயிரோடுள்ளது. ஆகவே உள்ளபடி சுடக்கருதுவோன் நோக்க வேண்டிய முதல் எண் இதுவே. மூதாட்டியாரின் துப்பாக்கி 35. இஃது அவருக்கு நலமாய் அமைந்தது. விற்பவனோ இதனைச் சொல்லவேயில்லை! இல்லாத பெருமை மூன்று கூறினவன் உள்ள பெருமை ஒன்றை அறியாதிருந்தான்.

ஏறத்தாழ எண்பதினாயிரம் எட்டாம் மாதிரிகள் 1936 வரை செய்யப்பெற்றன. அதன்பின் கட்டையைப் பருமனாக்கி, வளைந்த பிடி வைத்து, எண்பத்தொன்றாம் மாதிரி என்ற பெயரால் 1950 வரை செய்தனர். பெல்ஜியத்தார் செய்தவை ஐயாயிரத்துக்கும் குறைவு; அவற்றை மிக்க விலை கொடுத்து வாங்குவர். சித்திர வேலைப்பாடமைந்த உயர்தரங்களும் அவ்வாறே. மூதாட்டியாரினது வேலைப்பாடற்ற எளிய தரம்.

இனிக் கொள்ளையர் கதை. 1934 மே 23-ஆம் நாள் லூயிசியானாவில் காட்டுவழி யொன்றின் ஓரத்தில் பிராங்க் ஹேமர் முதலிய அறுவர் பதுங்கியிருந்து அவ்விருவரையும் சுட்டு வீழ்த்தியதும், அவர்தம் படைக்கலங்களுள் எட்டாம் மாதிரி இருந்ததும் மெய்யே. அதனால் எட்டாம் மாதிரி வைத்திருப்போர் யாவரும் அக்கதைக்குத் தமக்கும் உறவு தேடுகின்றனர். அக்காலத்துக் காவலர் சிலர் தோட்டாப் பெட்டியை வெட்டி நீட்டிப் பதினைந்து தோட்டா கொள்ளுமாறு செய்துகொண்டதுண்டு. இத்துப்பாக்கியிலோ அத்தகைய வெட்டு இல்லை. வெட்டின்மை மட்டும் கதையை முற்றும் மறுக்காது. ஆயின் கதையை நிறுவ வேண்டியவன் விற்பவன். கடிதமோ, காவல் நிலையத்து முத்திரையோ, இரசீதோ இல்லாத கதைக்கு ஒரு காசும் சேர்த்துக் கொடுக்கலாகாதென்று எழுதினோம்.

மான் வேட்டைக்கு ஏற்றது என்பதே எம்மை நெடிது ஆராயச் செய்தது. துப்பாக்கி ஏற்றதே, அம்மாநிலம் ஏற்கவில்லை. தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிகள் வந்த புதிதில், காட்டுவிலங்குகளும் பறவைகளும் அற்றுப்போமென்று அஞ்சினார் பலர். நியூயார்க் விலங்கியற் பூங்காவின் தலைவராயிருந்த ஹார்னடே என்பார் 1913-இல் அருகிவரும் உயிர்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி, இத்துப்பாக்கிகளைத் தடுத்தாக வேண்டுமென்று வாதிட்டார். அதற்கும் ஆறாண்டு முன்னரே, அஃதாவது 1907-இலேயே, பென்சில்வேனியா மாநிலத்தார் வேட்டையில் இவற்றைப் பயன்படுத்தலாகாதென்று சட்டம் இயற்றிவிட்டனர். இத்துப்பாக்கி கடைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது! அத்தடை நூறாண்டுக்கு மேல் நின்று, 2017-இல் சிறு விலங்குகளின் அளவில் தளர்த்தப்பட்டது. மானுக்கும் கரடிக்கும் அத்தளர்வு அளிக்கப்படவில்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேட்டையே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஆண்டு வேட்டை உண்டு, படைக்கலத்தின் வகையில் கட்டுப்பாடு உண்டு.

இதனை மருகனுக்கு எழுதுகையில் எமக்குச் சிறிது வருத்தமே. மான் வேட்டைக்கென்று ஆசைப்பட்டவன் அவ்வூர்க் காட்டில் இதனை மானின்மேல் நீட்டினால் குற்றவாளி ஆவான். விற்பவன் வஞ்சித்தான் என்று சொல்ல மாட்டோம், அவனும் அறியாதவனே. ஆயின் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அம்மாநிலத்திலேயே வாழ்ந்த ஒரு குடும்பத்தார் தம் காட்டில் பயன்படாத துப்பாக்கியை என் கருதி வாங்கினர்?

படங்களை மீண்டும் நோக்கினோம். கருநீலப் பூச்சு பழைய பூச்சே. எழுத்துக்களின் விளிம்பு மழுங்கவில்லை. மறுபூச்சு இட்டார் முதலில் தேய்த்து மெருகிடுவராதலின் மூலைகள் உருண்டு, எழுத்துக்கள் கரைந்து நிற்கும். அவ்வாறு ‘புதுப்பித்த’ துப்பாக்கியின் விலை பாதியாகும். ஏட்டில் தமக்கு விளங்காத சொல்லை அழித்துத் தாமே ஒரு சொல் எழுதிவைத்த புண்ணியவான்களை நினைந்துகொண்டோம். இடப்பக்கத்தில் மட்டும் யாரோ இரண்டு துளையிட்டு, பின்னர்த் திருகாணி இட்டு அடைத்திருந்தனர். தொலைநோக்குக் கண்ணாடி பொருத்தும்பொருட்டாகலாம். அத்துளைகள் விலையைக் குறைப்பனவே. பூச்சு தேய்ந்திருந்த இடமோ ஒன்றுதான். துப்பாக்கியை ஒரு கையில் தொங்கவிட்டு நடப்போன் பற்றும் நடுவிடம். அவ்விடம் வெள்ளிபோல் வெளுத்திருந்தது. குழலின் உட்புறமோ சிறிதே தேய்ந்தது. எனவே, இதனை உடையார் பன்னாள் காட்டில் சுமந்து திரிந்தார். சுட்டதோ மிகச் சிறிது. வேட்டையாடியவர் என்பது தெளிவு. எங்கே ஆடினார்?

மூதாட்டியாரைக் கேட்குமாறு எழுதினோம். அதற்குள் மருகன் துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் அவர் இசைவோடு அதனைக் காட்டினான். கம்மியர் கழற்றிப் பார்த்து, அறையின் அளவைக் கருவியால் அளந்து, வில்லொன்றை மாற்றினால் சுடலாம் என்றார். முன்கட்டையின் பிளவையும் காட்டினார். கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசிவிடட்டுமா வென்று மருகன் கேட்டான். உடனே மறுத்து எழுதினோம். எம் வாணாளில் இத்துணை விரைவாக யாம் விடை எழுதியது அதுவே.

உரிமம் பெற்ற வணிகர் ஒருவர் இருதிறத்தாரையும் வைத்து, துளையையும் பிளவையும் கழித்து, 35 என்னும் எண்ணையும் பழைய பூச்சையும் கூட்டி மதித்த விலை, முதலிற் சொன்ன விலையின் பாதியினும் சற்று மிகுந்தது. மூதாட்டியார் இசைந்தார். விற்பவன் முகம் சுளித்தான் என்று கேள்வி. மருகன் வாங்கினான். மான் வேட்டைக்கன்று, இலக்குப் பலகையில் ஆண்டுக்கு ஒருமுறை சுடவும், கெடாமல் வைத்திருக்கவும். இத்துப்பாக்கியைப் பெற்றெடுத்த நியூயார்க் மாநிலத்து இலியன் தொழிற்சாலை, எலிபலட் ரெமிங்டன் 1816-இல் தொடங்கிய தொழிலின் தாய்வீடு, 2024 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. பழுதுபட்டால் ஆண்டு அனுப்புதற்கு இனி இயலாது.

எம் வினாவுக்கு விடை பத்து நாள் கழித்து வந்தது. மூதாட்டியார் துப்பாக்கியின் தோலுறையையும் எடுத்துக் கொடுத்தாராம். அதன் அடியில் எண்ணெய்க் கறை படிந்த தாளொன்று மடிந்து கிடந்தது. அது நியூயார்க் மாநிலத்தார் வெளிமாநிலத்தார்க்கு அளித்த வேட்டை உரிமச் சீட்டு. எழுதியிருந்த பெயர் காலமான முதியவரின் தந்தையாருடையது. எல்லை கடந்து வடக்கே அடிராண்டாக் மலைக்காடுகளில் அவர் வேட்டையாடியிருக்கின்றார். ஆண்டு இத்துப்பாக்கிக்குத் தடையில்லை. சீட்டின் ஆண்டு 1934. அதன் பின்புறத்தே பென்சிலால் எழுதிய இரண்டு சொற்களின் பொருளை மருகன் தமிழிலேயே எழுதி அனுப்பினான்: “கரடி, ஒன்று.”